சொல் விளக்கம்: எம்விபி, தொண்டு வல்லுநர், வண்ணக்கர்

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. வீட்டு வரவு செலவு எழுதும் மென்பொருள் ஒன்றில் சிக்கிக்கொண்டவர்களுக்கு மூன்று வருடமாக இரவிரவாக இருந்து பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சம்பளம் இல்லை. அதற்காக ‘வொலன்டியர் கம்யூனிட்டி எக்ஸ்பேர்ட்’ என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். “இதைத் தமிழில என்னெண்டு போடுற அண்ணே?” என்று கேட்டார். ஏற்கெனவே யாரோ ‘அங்கீகரிக்கப்பட்ட சமூகத் தன்னார்வ நிபுணர்’ என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மட்டக்களப்பில் அப்படி ஒரு பெயரைக் கேட்டால், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தருக்கு அடுத்த கதிரையில் இருப்பவர் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த வகைப் பட்டங்களில் பெயர் பெற்றது மைக்ரோசாஃப்ட் 1993இல் தொடங்கிய எம்விபி. விளையாட்டில் ‘மிகப் பெறுமதியான ஆட்டக்காரர்’ என்பதற்கு வழங்கும் அதே மூன்றெழுத்துத்தான். ஆட்டக்காரரை எடுத்துவிட்டுத் தொழிலறிஞர் என்று போட்டார்கள். நிறுவனத்தின் ஊழியர் அல்லாதவருக்கு, அவர் மற்றப் பயனர்களுக்குச் செய்த உதவியைப் பார்த்து ஒரு வருடத்துக்குக் கொடுப்பது. அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்கள். 1991இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் மணி என்னும் வீட்டுக்கணக்கு மென்பொருளுக்கும் இப்படி எம்விபிக்கள் இருந்தார்கள். 2009 ஜூன் 30உடன் அதன் விற்பனை நின்றது. அடுத்த வருடம் இலவசப் பதிப்பு ஒன்றை விட்டுவிட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. மென்பொருள் போனாலும், அதில் பத்துப் பதினைந்து வருடக் கணக்கை எழுதி வைத்தவர்கள் போய்விடவில்லை. அவர்களுக்குக் கைகொடுத்தது பழகிய பயனர்கள்தான். போட்டி மென்பொருளான குவிக்கனில் இதே வேலையைச் செய்பவருக்கு ‘சூப்பர்யூசர்’ என்று பெயர்.

சொற்களுக்கு வருவோம். ‘வொலன்டியர்’ இலத்தீனில் விருப்பம், மனத்திண்மை என்னும் பொருள்தரும் வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் முதலில் தானாக முன்வந்து சேர்ந்த படைவீரனைத்தான் குறித்தது. தமிழில் இதற்கு மூன்று சொற்கள் நடமாடுகின்றன. தமிழ்நாட்டில் தன்னார்வலர், சிங்கப்பூரில் தொண்டூழியர், இலங்கையில் நம்மிடம் தொண்டர். ‘ஆர்வலர்’ நேற்றுப் பிறந்த சொல்லன்று. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்’ என்ற குறளிலேயே, அன்புடையவர் என்னும் பொருளில் இருக்கிறது. ‘தொண்டு’ இன்னும் ஆழமான சொல். அடிமைத்தனம் என்பதும் அதன் பழைய பொருள்களில் ஒன்று. இறைவனுக்கு ஆட்பட்டவர் தொண்டர் ஆனது அப்படித்தான்.

ஆனால் கிழக்கில் அந்தச் சொல்லுக்கு இப்போது வேறொரு வாடையும் உண்டு. ‘தொண்டர் ஆசிரியர்’ என்றால் சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் படிப்பித்துவிட்டு நிரந்தர நியமனத்துக்குக் காத்திருப்பவர். சான்றிதழைப் பார்த்த தம்பியின் தாய் கேட்ட முதற் கேள்வி, “எப்ப மனே நிரந்தரமாக்குவாங்களாம்?” அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கட்சி. தன்னார்வலரில் ‘தன்’ முன்னுக்கு நிற்கிறது. தொண்டரில் மற்றவர் நிற்கிறார்.

‘எக்ஸ்பேர்ட்’ இலத்தீனில் ‘முயன்று பார்த்தவர்’. பட்டுத் தெளிந்தவர் என்று சொன்னால் பொருள் அப்படியே வந்துவிடும். நிபுணரும் விற்பன்னரும் வடமொழி வழி வந்தவை. வல்லுநர் தமிழ். பேச்சில் ‘அவன் கணக்கில விண்ணன்’ என்போம். சான்றிதழில் போட முடியாத அருமையான சொல். ‘கம்யூனிட்டி’யைச் சமூகம் என்று போட்டதில்தான் முழுக் குழப்பமும். இங்கே குறிப்பது ஊரையோ இனத்தையோ அல்ல, ஒரே கருவியைப் பாவிப்பவர்களை. பயனர் என்றாலே போதும். அதை விட்டாலும் குறையில்லை.

‘ஃபினான்ஸ்’ என்ற சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் அடியில் இருப்பது இலத்தீனில் ‘முடிவு’ என்னும் சொல். கடனை முடித்தல், கொடுத்துத் தீர்த்தல் என்று பழைய பிரெஞ்சில் வளர்ந்து பணவிடயம் ஆயிற்று. நாமும் கணக்கை ‘முடிக்கிறோம்’, கடனைத் ‘தீர்க்கிறோம்’. கடன் என்பதற்கே கடமை என்ற பொருளும் இருப்பதால்தான் அப்பர் ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்றார். தம்பியின் இரவுவேலைக்கு இந்த ஒரு வரியையே சான்றிதழாகக் கொடுத்திருக்கலாம்! ‘தனிநபர் நிதி மென்பொருள்’ என்பதைவிட ‘வீட்டுக்கணக்கு மென்பொருள்’ என்பதே யாருக்கும் விளங்கும்.

இவர் செய்யும் வேலைதான் என்ன? ஒருவர் சம்பளக் கணக்கிலிருந்து 25,000 ரூபாவை மனைவியின் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுகிறார். மென்பொருளில் ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வருமானம் என்று பதிகிறார். கடைசி மீதி சரியாகவே நிற்கும். அதனால் பிழை கண்ணில் படாது. ஆனால் அந்த மாத வருமானமும் செலவும் இல்லாத 25,000ஆல் ஊதிப்போயிருக்கும். அதை மாற்றல் என்று பதிய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது ஒரு வேலை. வெள்ளாமைச் செலவுக்கு நகையை அடகு வைத்து 200,000 எடுத்தால் அது வருமானமன்று, கடன். வட்டி மட்டுமே செலவு. நகை இன்னும் உங்கள் சொத்துத்தான். இதை எங்கள் போடியார் (பெரிய வயற்காரர்) வீடுகளில் படிப்பில்லாதவரும் அறிவார். ஆனால் மென்பொருளின் பெட்டிகளுக்குள் போடும்போது படித்தவரும் தடுமாறுகிறார். மாதம் மாதம் வருமானம் கேட்கும் பாதீட்டுப் பக்கத்தில், பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் காசு காண்பவர் எதை எழுதுவார்? அதற்கும் வழி சொல்ல வேண்டும். இவ்வளவும் கேட்டவரின் கடவுச்சொல்லையோ கணக்கிலக்கத்தையோ கேளாமல், கணக்குக் கோப்பை வாங்கிப் பாராமல். அதுதான் இந்தத் தொண்டில் முதலாவது ஒழுங்கு. ‘நாணயம்’ என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது தமிழுக்கு வாய்த்த நல்ல வசதி.

நாணயம் என்றதும் நினைவுக்கு வருவது வண்ணக்கர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம், மண்டூர் முருகன் கோயில், அம்பாறையில் திருக்கோவில் என எங்கள் பழைய கோயில்களில் ஆதனத்தையும் வரவு செலவையும் பொறுப்பெடுத்து நடத்துபவர் வண்ணக்கர். யாழ்ப்பாணத்தவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் புருவத்தை உயர்த்துவார். ஆனால் சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள்: வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான். வண்ணக்கன் என்றால் நாணயத்தைச் சோதித்துச் சொல்பவன். பொன்னின் வண்ணம் பார்த்தே அதன் தரத்தைச் சொல்வதால் ‘வண்ணம்’ என்ற சொல்லோடு இதைப் பொருத்திப் பார்க்க எனக்கு ஆசை. மற்ற இடங்களில் ஏட்டோடு நின்றுவிட்ட சொல் கிழக்கில் இன்னும் ஆளோடு நடமாடுகிறது. காசைப் பார்த்து இது நல்லது, இது கள்ளம் என்றவன், பிறகு ஊர்க்காசைப் பார்ப்பவன் ஆகியிருக்கிறான்.

ஆக, பணக்கணக்கில் தேர்ந்தவர், மற்றவர் நம்பி ஏற்றவர், கூலிக்கு அல்லாமல் செய்பவர் என்ற மூன்றையும் தாங்கும் ஒற்றைச் சொல் நம் படலைக்குள்ளேயே கிடக்கிறது. ‘கணக்கு வண்ணக்கர்’ என்று போடலாமே என்றேன் தம்பியிடம். பக்கத்தில் இருந்த பெரியப்பா ஒரே போடாகப் போட்டார்: “வண்ணக்கர் எண்டா குடியால வாறது மனே. இவன் படிச்சி எடுத்தது.” மறுக்க முடியவில்லை. குடி என்பது இங்கே தாய்வழி வரும் குலக்கிளை. கோயில் வண்ணக்கர் இன்ன குடியிலிருந்துதான் வரவேண்டும் என்பது வழக்கம். அக்கரைப்பற்றுப் பக்கம் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரும் குடிவழி வந்தவர்களே. எம்விபியோ வருடத்துக்கு வருடம் வேலையைக் காட்டி எடுப்பது. குடியைப் பார்த்து வரும் பெயரை வேலையைப் பார்த்து வரும் பட்டத்துக்கு வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. சங்கத்து வண்ணக்கன் தன் கண்ணையும் கையையும் நம்பித்தானே பெயரெடுத்தான். ஆனால் பெரியப்பா வீட்டில் சோறு சாப்பிட வேண்டியிருப்பதால் அன்றைக்கு விட்டுவிட்டேன்.

பொதுவழக்குக்கு நான் எழுதிக்கொடுத்தது ‘வீட்டுக்கணக்கு மென்பொருள் தொண்டு வல்லுநர்’. ‘அங்கீகரிக்கப்பட்ட’ தேவையில்லை, சான்றிதழ் கையில் இருக்கும்போது வேறென்ன அங்கீகாரம்? வல்லுநரில் வருவது தந்நகரமாகிய ‘ந’, ஓட்டுநர், இயக்குநர் போல. அச்சகத்தில் ‘வல்லுனர்’ என்று போட்டுவிட்டார்கள். அட்டை திரும்பப் போயிருக்கிறது.