தசை மின்தூண்டலுக்கு ‘ஷாக்’ என்று பெயரா?

தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தவரை, தசைகளுக்கு அளந்த மின்துடிப்பு கொடுத்து நடக்க வைக்கும் முறை ஃபங்ஷனல் எலெக்ட்ரிகல் ஸ்டிமுலேஷன், சுருக்கமாக எஃப்.இ.எஸ். தமிழில் எழுதும்போது இது எப்படியோ ‘மின் அதிர்ச்சி சிகிச்சை’ ஆகிவிடுகிறது. பெங்களூரில் ‘ஷாக் வெச்சாங்க’ என்றால் அல்சூரானாலும் சிவாஜிநகரானாலும் ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். மனநல மருத்துவத்தில் அது மயக்கமருந்து கொடுத்து மூளையில் வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை. எஃப்.இ.எஸ்ஸோ விழித்திருப்பவரின் காலில் ஒட்டுமுனை (மின்துடிப்பைத் தோல் வழியே செலுத்தும் எலெக்ட்ரோடு) வைத்துச் செய்வது. பெயரைக் கேட்டே வீட்டார் வேண்டாம் என்றால் குற்றம் அவர்களுடையதல்ல.

‘ஸ்டிமுலஸ்’ லத்தீனில் மாடு ஓட்டும் தாற்றுக்கோல். நம் ‘தூண்டு’ அதைவிடப் பொருத்தம்: விளக்கில் எண்ணெய் இருந்தால்தான் தூண்டுகோலால் திரியைத் தூண்டிப் பயன். இங்கும் அப்படியே. தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் கீழ் இயக்க நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். முதுகின் அடிப்பகுதியில் அடிபட்டு அந்த நரம்பே பட்டுப்போயிருந்தால் இந்தக் கருவியால் கால் அசையாது. அதைச் சோதிக்காமல் கருவி வாங்குவது வீண் செலவு.

அதிர்ச்சி என்றால் கட்டுக்கடங்காதது. இதில் எல்லாமே கணக்கு. நொடிக்கு 20 முதல் 40 துடிப்பு, ஒவ்வொன்றும் 200 முதல் 400 மைக்ரோநொடி. நொடிக்கான எண்ணிக்கையைக் குறைத்தால் தசை விட்டுவிட்டுத் துடிக்கும். கூட்டினால் சீக்கிரம் களைக்கும். ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானாவில் உருவான, காலுக்கு இரண்டு வழியாக மின்துடிப்பு அனுப்பும் நான்கு தட முறையில் இரு முன்தொடைகளுக்கும் மின்துடிப்பு போய் முழங்கால்களை நிமிர்த்திப் பிடிக்கும். வாக்கரில் உள்ள பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கத் தொடைத் துடிப்பு நின்று, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் ஓடும் நரம்பு தூண்டப்படும். முள் குத்தினால் இழுத்துக்கொள்வதுபோல் கால் மடங்கி உயரும். பொத்தானை விட்டால் தொடை மறுபடி இறுகும். அது ஓர் அடி. தசை களைத்தால் முழங்கால் திடீரென மடியும். ஜெல் காய்ந்த ஒட்டுமுனை தோலைச் சுடும், உணர்ச்சியில்லாத காலில் அது தெரியவும் தெரியாது. மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு ரத்த அழுத்தம் எகிறலாம்; பக்கத்தில் ஆள் வேண்டும்.

‘மின்தூண்டல்’ இயற்பியலில் இண்டக்‌ஷனுக்குப் போய்விட்டதே என்பார்கள். முன்னால் ‘தசை’ சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது. ‘மின்கிளர்ச்சி’ என்கிறார்கள் சிலர். அதைக் கேட்டால் சாலை மறியல்தான் கண்ணில் வருகிறது. கன்னடத்து ‘ப்ரசோதனெ’யை அப்படியே இறக்கினாலோ தமிழ்க் காதில் ‘சோதனை’ என்று விழும். ‘ஃபங்ஷனல்’ என்பதற்குச் ‘செயல்பாட்டு’ என்று ஒட்டுவது சோம்பேறித்தனம். தசையை வெறுமனே சுருக்கிப் பயிற்சி கொடுப்பதிலிருந்து பிரித்துக்காட்ட வந்த அடைமொழி அது: நிற்க, நடக்க, பிடிக்க உதவும் தூண்டல். ஆகவே ‘செயல்சார் தசை மின்தூண்டல்’. பேச்சில் ‘தசைத்தூண்டல்’ போதும்.

இதைவிட மோசம், பாராபிளீஜியாவைப் ‘பக்கவாதம்’ என்பது. பக்கவாதத்தில் ஒரு பக்கக் கையும் காலும். இதில் இரு கால்களும். 1961இல் லிபர்சன் என்ற மருத்துவர் காட்டிய, குதிகால் தரையை விட்டு எழுந்ததும் பாதத்தைத் தூக்கிவிடும் ஒற்றைத் தடக் கருவி பக்கவாதக்காரருக்கானது. இருகால் வாதக்காரருக்கு அதை வாங்கிக் கட்டினால் பாதம் உயரும், முழங்கால் நிற்காது.