சுதந்திரம்: சொல்லும் பொருளும்

'இன்டிபென்டன்ஸ்' என்பதற்கு நாம் சட்டென்று சொல்வது சுதந்திரம். இது வடசொல். 'ஸ்வ' என்றால் தன். 'தந்த்ர' முதலில் தறியையும் பாவு நூலையும் குறித்து, பிறகு ஒழுங்கு, ஆளுகை என்று விரிந்தது. தன் ஆளுகையில் தான் இருப்பது சுதந்திரம். பிறர் ஆளுகையில் கிடப்பது பரதந்திரம். தமிழில் தந்திரம் என்றதும் சூழ்ச்சி நினைவுக்கு வரும். இங்கே அந்தப் பொருள் இல்லை.

நாட்டு விடுதலையைப் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே இச்சொல் நம் களத்துமேட்டில் புழங்கியது. அறுவடையின்போது ஊர் ஊழியர்களுக்கு வழிவழியாக அளந்து கொடுத்த தானியப் பங்குக்குச் சுதந்தரம் என்று பெயர். கிரயப் பத்திரங்களில் 'சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று இன்றும் எழுதுகிறார்கள். தமிழ் விவிலியத்தில் சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் 'சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்'. சுதந்தரவாளி என்றால் வாரிசு. ஆக, தமிழர் வாயில் இது உரிமைச் சொல்லாகவே வேர்விட்டிருக்கிறது. வடசொல் என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தூய தமிழில் விடுதலை. விடு என்னும் வினையடியில் பிறந்தது. அறம், பொருள், இன்பத்தோடு சேர்த்துச் சொல்லும் வீடும் அதே அடிதான். கட்டு ஒன்று இருந்து அது அறுவதே விடுதலை. கைதிக்கும் விடுதலை, அடிமைப்பட்ட நாட்டுக்கும் விடுதலை. பாரதி 'ஆனந்த சுதந்திரம்' என்றும் பாடினார். ஒடுக்கப்பட்டோரின் கட்டு அறுவதைப் பாடும்போது 'விடுதலை' என்றார். 1947 ஆகஸ்ட் 15-ஐ விடுதலை நாள் என்பது மிகப் பொருத்தம். அன்று நடந்தது விடுதலை. அதன் பிறகு நிலைப்பது தன்னுரிமை. ஆட்சி அதிகாரத்தைப் பற்றி மட்டும் பேசினால் தன்னாட்சி.

ஆங்கிலச் சொல்லின் மூலம் 'தொங்கு' என்று பொருள்படும் லத்தீன் வினை. எதையும் பற்றித் தொங்காமல் இருப்பது என்பதே அதன் கருத்து. அதனால் எல்லா இடத்திலும் சுதந்திரம் பொருந்தாது. கணிதத்தில் சாரா மாறி, சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறோம். கட்சி சாராத வேட்பாளர் சுயேச்சை. இது சுய, இச்சை இரண்டும் புணர்ந்த சொல். 'சுயேட்சை' என்று எழுதுவது பிழை. தற்சார்பு என்பதையும் சிலர் 'இன்டிபென்டன்ஸ்' என்பதற்கு ஈடாக எழுதுகிறார்கள். தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்வதுதான் தற்சார்பு. விடுதலை பெற்ற நாடும் உணவுக்குப் பிறரை நம்பியிருக்கக்கூடும்; ஆகவே இரண்டும் ஒன்றல்ல.