கடல் வருமுன்னே உப்பாகும் கிணறுகள்

ஓர் ஊர் குடியிருக்க லாயக்கற்றுப் போக, கடல் அதை மூழ்கடிக்க வேண்டியதில்லை. அடியில் இருக்கும் நல்ல தண்ணீர் உப்பானாலே போதும்.

கடலோர மணலுக்கடியில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி 1.025, நல்ல நீருடையது 1. இந்தச் சிறு வித்தியாசத்தால், நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் நிற்கும். அந்த 1 அடி போனால் நாளடைவில் 40 அடியும் போகும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது. மேட்டுநிலத்தில் நிலத்தடி நீரும் கூடவே உயர்ந்து ஈடுகட்டும். தாழ்ந்த நிலத்தில் அது வாய்க்கால் வழியே வடிந்துவிடும். அங்கே 20 செ.மீ. என்பது 8 மீட்டர் நல்ல நீரின் இழப்பு.

மோட்டார் இதை வேகப்படுத்துகிறது. சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர் பக்கம் 1969லேயே கடல்நீர் உட்புகுந்தது தெரியவந்தது. அதற்குக் காரணம் அளவுமீறிய இறைப்பு. பழியைப் பருவநிலையின் மேல் போட முடியாது. ஆனால் இறைத்து இறைத்து மெலிந்த நீர்ப்படுகைதான் உயரும் கடலுக்கு முதலில் இடம்கொடுக்கும்.

நூறு குடம் நல்ல நீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே, உப்பில் உள்ள குளோரைடு லிட்டருக்கு 380 மி.கி. அளவுக்குப் போய்விடும். குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 250.

மே மாதமும் ஜனவரியிலும், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, கிணற்று நீரின் டிடிஎஸ்ஸை (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை) மீட்டரால் அளந்து குறித்துவையுங்கள். கோடையில் ஏறி, மழைக்குப் பின் இறங்கினால் பெரிதாகக் கவலையில்லை. மழைக்குப் பிறகும் இறங்காமல் ஆண்டுக்காண்டு ஏறினால் ஆய்வகத்தில் குளோரைடு பாருங்கள். ஏனென்றால் கடினத்தன்மையாலும் டிடிஎஸ் கூடும்.

உப்புக் கரித்ததும் போரை இன்னும் ஆழமாக்குவதுதான் பலரும் செய்வது. அது உப்புநீரை நோக்கியே குழாயை இறக்குவது. ஆழமில்லாத கிணறுகளில், இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே வழி. மணல்மேடுகளைத் தோண்டி விற்காதீர்கள். மழைநீரைப் பிடித்து வைத்திருப்பவை அவைதாம். கூரை மழைநீரும் கைகொடுக்கும்: 100 சதுர மீட்டர் கூரையில் 1,000 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போகச் சுமார் 80,000 லிட்டர் தேறும்.

புயலலை கிணற்றுக்குள் புகுந்துவிட்டால் ஒருமுறை மெதுவாக இறைத்துச் சேறு நீக்கி, குளோரின் இடுங்கள். திரும்பத் திரும்ப ஒட்ட இறைக்காதீர்கள்: 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் அப்படிச் செய்த கிணறுகளில் அடியிலிருந்து உப்புநீர் ஏறியது. மிச்ச உப்பை மழைதான் கழுவ வேண்டும். அதுவரை குடிநீரை வெளியிலிருந்து கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள்.