ஃபோலியேஜ் என்றால் தழை

அக்கா மகன் இங்கே சிங்கப்பூரில் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி வரைகலை படிக்கிறான். போன மாதம் ஒரு பயிற்சிக்காகத் தூங்குமூஞ்சி மரம் ஒன்றைத் திரையில் வளர்த்துக்கொண்டிருந்தான். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே விரைவுச்சாலை ஓரமாகக் குடை விரித்து நிற்குமே, அதே மரம். "மாமா, ஃபோலியேஜுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டான். 'இலைகள்' என்று சொல்லிவிட்டேன். அவன் வேலையைப் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் அந்தச் சொல் பத்தாது என்று புரிந்தது.

அவன் இலைகளை ஒவ்வொன்றாக ஒட்டவில்லை. பெரிய மரத்தின் இலை அத்தனையையும் தனித்தனியே செய்தால் கணினி திணறிப்போகும். அதனால் குச்சியோடு இருக்கும் இலைக்கொத்தைப் படம் பிடித்து, சுற்றியுள்ள வெற்றிடத்தை மறைத்துவிட்டு, தட்டையான ஒரு பரப்பில் பதிக்கிறான். தொழிலில் அதற்குக் 'கார்டு' என்று பெயர். அந்தக் கார்டுகளைக் கிளை நுனிகளில் கோணம் மாற்றி மாற்றிச் செருகினால், எட்ட நின்று பார்ப்பவருக்கு அடர்ந்த மரம் தெரியும்.

குச்சியோடு சேர்ந்த இலைக்கொத்து. நம்மிடம் அதற்கு நேரான சொல் இருக்கிறது: தழை. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவோம். வயலில் போட்டு மிதிப்பது தழையுரம். சங்கப் பாடல்களில் பெண்கள் உடுத்துவது தழையாடை. இலையும் தண்டும் செழிக்க வைக்கும் நைட்ரஜனுக்கு வேளாண்மையில் தழைச்சத்து என்றே பெயர். குடும்பம் தழைக்கட்டும் என்று வாழ்த்தும்போதும் இதே சொல்தான் வினையாக வருகிறது. இவ்வளவு உயிருள்ள சொல்லை விட்டுவிட்டு 'இலைத்தொகுதி' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். 'ஃபோலியம்' என்றால் இலை. அது பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஏட்டின் தாளைக் குறிக்கும் 'ஃபோலியோ'வும் அதே வேர்தான். இலை தாளாவது நமக்கும் பழக்கம். ஓலை, ஏடு, இதழ் எல்லாம் அப்படித்தானே.

தழையைத் தாங்கும் கிளைகளுக்கு வருவோம். ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர், செடி வளர்வதைக் குறியீடுகளாக எழுதும் முறை ஒன்றை 1968இல் வெளியிட்டார். ஒரு குறியீட்டை விதிப்படி மாற்று, வந்ததை மறுபடி மாற்று, அவ்வளவுதான். பின்னால் கணினியில் மரம் வளர்க்க அது பெரிய வழியாயிற்று. 2015இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது பெற்ற ஸ்பீட்ட்ரீ மென்பொருளிலும் அடிமரம், அதிலிருந்து கிளை, அதிலிருந்து சிறுகிளை என்று படிப்படியாகத்தான் மரம் எழும்புகிறது. மாணவர்கள் இவற்றை 'லெவல் 1', 'லெவல் 2' என்கிறார்கள். தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் காட்டிய வரிசையில் ஒவ்வொரு படிக்கும் பெயர் உண்டு: கவை, கொம்பு, கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு.

இணுக்கு என்றதும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. தாளிக்க ஓர் இணுக்குக் கறிவேப்பிலை கொடு என்று அவன் அம்மா கேட்பது தினமும் காதில் விழுகிறதே. தேக்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையில் ஓர் இணுக்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். வெயில் ஊடுருவிய இடத்தில் பச்சை மஞ்சளாக மாறி, நரம்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. பின்பக்கம் வெளிறியிருந்தது. "இந்த மஞ்சள் வராவிட்டால் பிளாஸ்டிக் மரம்தான் மாமா" என்றான். இலைக்குள் ஒளி புகுந்து வருவதைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டுமாம்.

சரி, எல்லா இடத்திலும் தழை பொருந்துமா? அன்ரியல் எஞ்சின் போன்ற விளையாட்டு மென்பொருள்களில் ஃபோலியேஜ் என்ற கருவியால் புல், புதர், முழு மரம் எல்லாவற்றையும் நிலத்தில் தூவுகிறார்கள். அங்கே மரஞ்செடிகொடி என்பதுதான் சரி.

அடுத்து அவன் கடற்கரைத் தென்னை செய்யப்போகிறான். தொல்காப்பியம் உள்ளே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளதை மரம் என்றும் வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னை புல். கவை இல்லை, கிளை இல்லை, இணுக்கு இல்லை. தென்னந்தழை என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கார்டுக்கு ஓலை என்றுதான் பெயர் வைக்க வேண்டும்.