ஜீன் சிகிச்சைக்குக் காத்திருந்து காப்ஸ்யூலை நிறுத்தாதீர்கள்

கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பத்துப் பையன் ஒருவன். சிக்கிள் செல் நோய்: சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயை அடைத்து வலி தரும் பரம்பரை நோய். போன வாரம் காய்ச்சலும் நெஞ்சுவலியுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு இரைக்கிறது, எக்ஸ்ரேயில் ஒரு பக்க நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துக் கிடக்கிறது. நெடுநாளாகப் பெரிய வலி எதுவும் வராமல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். விசாரித்தால், இந்த நோய்க்குத் தினமும் தரும் ஹைட்ராக்ஸியூரியா காப்ஸ்யூலை மழை தொடங்கியதிலிருந்து கொடுக்கவில்லையாம். “ஜீனையே வெட்டிச் சரி பண்றாங்களாமே டாக்டர், போன்ல பாத்தோம். இந்தக் காப்ஸ்யூல நிறுத்தினாதான் அத செய்ய முடியுமாம்” என்றார் அப்பா. இதே பதிலை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பாதி விஷயத்தைச் சொல்லி வீடியோ போடுகிறவர்கள் மேல்தான் கோபம்.

முழு விஷயம் இதுதான். வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஓடுவது ஃபீட்டல் ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் அது குறைந்து, பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின் அந்த இடத்தைப் பிடிக்கும். சிக்கிள் செல்லிலும், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும் இன்னொரு பரம்பரை ரத்த நோயான பீட்டா தலசீமியாவிலும் கோளாறு இந்த இரண்டாவதில்தான். அதனால்தான் பிறந்தவுடன் நன்றாக இருக்கும் பிள்ளை ஆறு மாதத்துக்குப் பிறகு படுக்கிறது. நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் 1948-லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். பழைய ஹீமோகுளோபினை மறுபடி சுரக்க வைத்தால் போதும் என்ற எண்ணம் அன்றிலிருந்து இருக்கிறது.

ஃபீட்டல் ஹீமோகுளோபினை அடக்கி வைப்பது எது என்று தேடத்தான் ஜீன் எடிட்டிங். ரத்த அணுக்களாக வளரக்கூடிய செல்களை ஆய்வகத்தில் லட்சக்கணக்கில் வளர்த்து, ஜீனைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவியான கிரிஸ்பர் கொண்டு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தை வெட்டுகிறார்கள். எந்தச் செல்களில் ஃபீட்டல் ஹீமோகுளோபின் கூடுகிறதோ அவற்றைத் தனியே பிரித்து, வெட்டு விழுந்த இடத்தைப் படிக்கிறார்கள். பிசிஎல்11ஏ என்ற ஜீன் ஒரு பிரேக் போல வேலை செய்கிறது என்பது 2008-லேயே தெரியும். அந்தப் பிரேக்கை ரத்தச் செல்களில் மட்டும் தளர்த்த எந்த இடத்தில் வெட்டுவது என்பதை 2015-ல் இப்படித் தேடித்தான் துல்லியமாகக் கண்டார்கள். 2018-ல் அதேபோல் அடக்கி வைக்கும் எச்ஆர்ஐ என்ற புரதம் அகப்பட்டது. வேலூரில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையத்தாரும் 2022-ல், ஃபீட்டல் ஹீமோகுளோபினை உருவாக்கும் காமா குளோபின் ஜீனின் தொடக்கப் பகுதியை எழுத்து எழுத்தாக மாற்றிப் பார்த்து, ஃபீட்டல் ஹீமோகுளோபினைக் கூட்டும் புதிய இடங்களை வெளியிட்டார்கள். நம் ஊரில் நடந்த வேலை, பெருமையாக இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் செல்களில் செய்த தேடல்கள். எச்ஆர்ஐயை அடக்கும் மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் இன்று கிடையாது.

தேடலிலிருந்து சிகிச்சையாக வந்தது ஒன்று: காஸ்ஜெவி. பிரிட்டனில் 2023 நவம்பரிலும் அமெரிக்காவில் டிசம்பரிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான சோதனையில், கணக்கில் எடுத்த 31 சிக்கிள் நோயாளிகளில் 29 பேருக்கு ஒரு வருடம் கடும் வலி வரவில்லை. நல்ல மருந்துதான், மறுக்கவில்லை.

ஆனால் அது ஊசி இல்லை. தயவுசெய்து “ஜீன் ஊசி” என்று சொல்வதை விடுங்கள். நோயாளியின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை எடுத்து, வெளியே எடிட் செய்து, அதற்குள் எலும்பு மஜ்ஜையை புசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் காலி செய்து, பிறகு திருப்பி ஏற்றுகிறார்கள். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். செல் எடுப்பதற்குச் சில வாரம் முன்பு ஹைட்ராக்ஸியூரியாவை நிறுத்துவார்கள். அந்த மருத்துவமனையே, ரத்தம் ஏற்றிப் பாதுகாத்தபடி நிறுத்தும். வீடியோவில் காதில் விழுந்தது இந்தத் துணுக்கு.

என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. “கெட்ட ஜீனையே எடுத்துவிடுகிறார்கள், இனி வம்சத்துக்கே வராது” என்கிறார்கள். இல்லை. காஸ்ஜெவி சிக்கிள் ஜீனைத் தொடுவதே இல்லை. பிசிஎல்11ஏ பிரேக்கை மட்டும் தளர்த்துகிறது. சிக்கிள் ஜீன் அப்படியே இருக்கும். அதுவும் மாற்றம் ரத்தச் செல்களில் மட்டும், விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லை. இரண்டு பிரதியும் சிக்கிளாக உள்ளவர் நலமான பிறகும் தன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிக்கிள் ஜீனைக் கொடுத்தே தீருவார். துணைக்கும் அந்த ஜீன் ஒன்று இருந்தால் பிள்ளைக்கு நோய் வர 50% வாய்ப்பு. இருவருமே நோயில்லாமல் ஜீனை மட்டும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25%. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள் என்று கெஞ்சுவது இதற்காகத்தான். நீலகிரியில் இந்த நோய் 1952-லேயே பதிவானது. இன்னமும் இதை வாய்விட்டுச் சொல்லத் தயங்கினால் எப்படி?

இப்போது அந்தக் காப்ஸ்யூலுக்கு வருகிறேன். ஹைட்ராக்ஸியூரியா செய்யும் முக்கிய வேலை என்ன தெரியுமா? ஃபீட்டல் ஹீமோகுளோபினைக் கூட்டுவது! கோடிகள் செலவழித்து எதைத் தேடுகிறார்களோ, அதில் ஒரு பங்கை அரசு ஆஸ்பத்திரிக் காப்ஸ்யூல் தினமும் தருகிறது. எச்பிஎல்சி தாளில் எஃப் என்று இருக்கும் வரியைப் பாருங்கள், அதுதான் ஃபீட்டல் ஹீமோகுளோபின். மருந்து தொடங்கும் முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். நிறுத்தினாலும் மறுநாளே ஒன்றும் ஆகாது, அதனால்தான் “நிறுத்தியும் நல்லாத்தான் இருக்கான்” என்று ஏமாந்துபோகிறோம்.

காப்ஸ்யூல் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். ரத்த எண்ணிக்கை பரிசோதனைக்குத் தவறாமல் வாருங்கள். வெள்ளையணு குறைந்தால் அளவை நாங்கள் மாற்றுவோம், நீங்களாக மாற்றாதீர்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். 101 டிகிரி காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் காத்திருக்க வேண்டாம், இரவானாலும் கிளம்புங்கள். தலசீமியாப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதேதான்: எந்தச் செய்தி வந்தாலும் ரத்தம் ஏற்றுவதும் இரும்புச்சத்தை வெளியேற்றும் மாத்திரையும் நிற்கக் கூடாது.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். எத்தனை நாளாக நிறுத்தினீர்கள் என்று தெரிந்தால்தான் எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று முடிவு செய்ய முடியும்.