வெளிநாட்டில் கார் ஓட்ட: சேலத்திலிருந்து கிளம்பும் முன்பே வாங்க வேண்டிய அனுமதி

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அசராமல் ஓட்டுகிறவராக இருக்கலாம். துபாயில் சுற்றுலா போன இடத்தில் வாடகைக் கார் எடுக்கும்போது முதலில் கேட்பது சர்வதேச ஓட்டுநர் அனுமதியைத்தான். நம்மூரில் இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

இது தனி லைசென்ஸ் அல்ல. உங்கள் இந்திய லைசென்ஸில் இருப்பதைப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் சிறு புத்தகம், அவ்வளவே. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி இந்தியா இதை வழங்குகிறது. அசல் லைசென்ஸ் அட்டையும் கூடவே இருக்க வேண்டும். டிஜிலாக்கர் செயலியில் காட்டுவதெல்லாம் நம்மூர் போலீஸிடம் சரி, வெளிநாட்டில் அதை நம்பிப் போகாதீர்கள்.

சேலம் மாநகரில் கிழக்கு, மேற்கு, தெற்கு என ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் உள்ளன. உங்கள் முகவரி எதன் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் விண்ணப்பம். மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில், லைசென்ஸ் சேவைகளுக்கான சாரதி பிரிவில் ஆன்லைனில் தொடங்கலாம். படிவம் 4ஏ, லைசென்ஸ், பாஸ்போர்ட், புகைப்படம் வேண்டும். விதிப்படி கட்டணம் 1,000 ரூபாய். விசாவும் மருத்துவச் சான்றும் விண்ணப்பிக்கும்போதே வேண்டும் என்ற நிபந்தனை 2021-இல் நீக்கப்பட்டது. பழைய நினைப்பில் அவற்றுக்காக அலைய வேண்டாம். புத்தக வடிவப் பழைய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும், அந்த விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி ஓராண்டு செல்லும். அதற்குள் இந்திய லைசென்ஸ் காலாவதியானால் இதுவும் அதோடு முடிந்தது. அதனால் ஆறு மாதம் முன்கூட்டியே வாங்கி வைப்பதில் லாபமில்லை.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் வண்டி வகை. கார் லைசென்ஸ் மட்டும் உள்ளவருக்கு அனுமதியும் காருக்கு மட்டுமே. தாய்லாந்து கடற்கரையில் ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுப்பவர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடலாம். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். உரிய வகை லைசென்ஸ் இல்லையென்றால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் தலையில். என்னைக் கேட்டால், போலீஸ் அபராதத்தைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஜப்பானில் 1949 உடன்படிக்கைப்படி வழங்கிய அனுமதிதான் செல்லும், நம்முடையது அந்த வகைதான். பிரிட்டனில் சுற்றுலா வருபவர் இந்திய லைசென்ஸிலேயே 12 மாதம் வரை கார் ஓட்டலாம். சீனப் பெருநிலத்தில் இந்த அனுமதிக்கு மதிப்பே இல்லை. அப்புறம், துபாய் போன மகனுக்கு ரெசிடென்ஸ் விசா கிடைத்துவிட்டால் அவர் சுற்றுலாப் பயணி அல்ல. அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். பார்க்கப் போகும் பெற்றோருக்குத்தான் நம் அனுமதி உதவும்.

வெளிநாட்டில் இருக்கும்போதே ஓராண்டு முடிந்துவிட்டால், இதற்காக ஊர் திரும்ப வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் விண்ணப்பிக்கலாம். அது நம் ஆர்.டி.ஓ.வுக்கு வந்து, புதிய அனுமதி வெளிநாட்டு முகவரிக்கே கூரியரில் போகும்.