ஜிமேட் தேர்வில் நேரம் எங்கே கரைகிறது?

வணிக நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் சிங்கப்பூர்த் தமிழர்கள் பலர் முழுநேர வேலையில் இருந்துகொண்டே ஜிமேட் தேர்வுக்குப் படிக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், இன்று ஒன்-நார்த் எனப்படும் வட்டாரத்தில் 2000ஆம் ஆண்டு வளாகம் திறந்த இன்சியாட் வணிகப் பள்ளி ஆகியவை மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் தேர்வின் மதிப்பெண்ணைக் கருத்தில் கொள்கின்றன. இவர்களிடம் பேசும்போது அதிகம் காதில் விழும் குறை, பாடம் புரியவில்லை என்பதன்று. வீட்டில் உட்கார்ந்து போட்டால் கணக்கு வருகிறது, தேர்வில்தான் நேரம் போதவில்லை என்பதே. உடனே அவர்கள் வேகத்தைத் தேடிப் போகிறார்கள். சுருக்கு வழிகளை மனப்பாடம் செய்கிறார்கள், ஒரே வகைக் கணக்கை நூறு முறை போட்டுப் பார்க்கிறார்கள். தேர்வு எப்படி அளக்கிறது, மூளை எப்படிக் கற்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நேரம் கரைவது கை மெதுவாக எழுதுவதால் அன்று, விட்டுவிட வேண்டிய கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் என்பது தெளிவாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான இன்றைய வடிவத்தில் ஜிமேட் 2 மணி 15 நிமிட நேரத் தேர்வு. கணக்குகள் அடங்கிய அளவுசார் பகுதியில் 21 கேள்விகள், மொழிப் பகுதியில் 23, தரவுப் பகுதியில் 20. ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம். ஆக, அளவுசார் பகுதியில் ஒரு கேள்விக்குக் கிடைப்பது சராசரியாக 2 நிமிடமும் சில நொடிகளும்தான். ஒருவர் இரண்டு கேள்விகளில் மட்டும் சிக்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் செலவிட்டார் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகப் போன நேரம் 6 நிமிடத்தை நெருங்குகிறது. அது ஏறக்குறைய மூன்று கேள்விகளுக்கான நேரம். அந்த மூன்றும் பகுதியின் கடைசியில் அவசரத்தில் பறிபோகின்றன. அவற்றில் எளியவையும் இருந்திருக்கலாம்.

சிங்கப்பூரில் பள்ளிக்கல்வி பெற்றவர்களுக்கு இது கூடுதல் கடினம் என்று நினைக்கிறேன். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்விலிருந்து சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகள்வரை நாம் பழகிய ஒழுங்கு வேறு. அங்கே எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். தெரியாததைத் தாண்டிச் சென்று பிறகு திரும்பி வரலாம். விடை தவறானாலும் செய்முறைக்கு மதிப்பெண் உண்டு. விடாமல் முயல்வதும் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்ப்பதும் அந்தத் தேர்வுகளில் பலன் தரும் பழக்கங்கள். அதே பழக்கங்கள் ஜிமேட்டில் நேரத்தைத் தின்றுவிடுகின்றன, ஏனென்றால் அது அளக்கும் முறையே மாறுபட்டது.

1954இல் தாள் தேர்வாகத் தொடங்கிய ஜிமேட், 1997இல் தேர்வருக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் கணினித் தேர்வாக மாறியது. இதன் அடிப்படையைத் தங்க நகைக் கடைக்காரர் தராசில் எடைக்கல்லை மாற்றுவதோடு ஒப்பிடலாம். தட்டு தாழ்ந்தால் பெரிய கல், உயர்ந்தால் சிறிய கல் என்று மாற்றிக்கொண்டே போய், தட்டுகள் சமநிலைக்கு வரும் இடத்தில் எடையை அறிகிறார். கணினியும் நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்ததாகக் கடினமான கேள்வியையும், தவறாகச் சொன்னால் எளிதான கேள்வியையும் பெரும்பாலும் தேர்ந்து தருகிறது. எத்தனை கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தீர்கள் என்பதைவிட, எந்தக் கடினநிலையில் உங்கள் தட்டு சமநிலைக்கு வருகிறது என்பதையே அது தேடுகிறது.

இதன் பின்னாலுள்ள கணிதத்துக்கு எளிய வடிவம் ஒன்று உண்டு. டென்மார்க்கின் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட மாதிரியின்படி, ஒரு கேள்வி உங்களைப் பற்றி எவ்வளவு செய்தி தருகிறது என்பது, அதற்குச் சரியாக விடையளிக்கும் வாய்ப்பையும் தவறாக விடையளிக்கும் வாய்ப்பையும் பெருக்கினால் கிடைக்கும். இரண்டும் சமமாக, பாதிக்குப் பாதியாக இருந்தால் பெருக்குத்தொகை 0.25, இதுவே உச்சம். நிச்சயமாகத் தெரிந்த, 90 விழுக்காடு வாய்ப்புள்ள கேள்வியில் அது 0.09ஆகச் சுருங்கிவிடும். அதனால் தகவமைவுத் தேர்வு உங்களைத் தொடர்ந்து உங்கள் எல்லைக்கோட்டுக்கே அழைத்துச் செல்கிறது. திறமையானவருக்கும் தேர்வு கடினமாகவே தோன்றும். பல விடைகள் தவறாகவே போகும். பள்ளியில் 95 மதிப்பெண் வாங்கிப் பழகியவருக்கு இது மனத்தைக் கலக்கும் அனுபவம். ஆனால் தேர்வு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ராஷின் கணித மாதிரி இன்னொன்றையும் சொல்கிறது; நேர நிர்வாகத்துக்கு இதுதான் முக்கியம். ஒரு கேள்வியைத் தவறவிடும்போது மதிப்பீடு கீழே இழுபடும் அளவு, அதற்கு நீங்கள் சரியாக விடையளித்திருக்கக்கூடிய வாய்ப்பைப் பொறுத்தது. 90 விழுக்காடு வாய்ப்பிருந்த எளிய கேள்வியை அவசரத்தில் தவறவிட்டால், 30 விழுக்காடே வாய்ப்பிருந்த கடினமான கேள்வியைத் தவறவிடுவதைப்போல் மூன்று மடங்கு இழுப்பு இருக்கும். இக்காலத் தேர்வுகளின் கணக்கீடு ராஷின் மாதிரியைவிடச் சிக்கலானது. ஊகத்தால் விடை சரியாகிவிடும் வாய்ப்பையும் கணக்கில் சேர்க்கும் மாதிரிகள் உண்டு. ஆயினும் திசை மாறுவதில்லை. உங்கள் மட்டத்துக்கு மேலான கேள்வி தவறிப்போவது கணினி எதிர்பார்த்ததுதான். அந்தக் கேள்வியோடு 5 நிமிடம் மல்லுக்கட்டி, அதன் விளைவாகக் கடைசியில் எளிய கேள்விகளைக் கோட்டைவிடுவது இரட்டை இழப்பு. பகுதியை முடிக்காமல் கேள்விகளை விட்டுவைத்தால் அதற்கெனத் தனியாக மதிப்பெண் குறைப்பும் உண்டு.

இது தெரிந்தும் ஏன் விட முடிவதில்லை? ஏற்கெனவே செலவழித்ததை வீணாக்க மனம் ஒப்பாததே காரணம். ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நாடகப் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குச் சென்றார்கள். நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றேதான், கொடுத்த காசுதான் அவர்களை இழுத்தது. மூன்று நிமிடம் செலவழித்த கணக்கும் அப்படியே இழுக்கிறது. போதாக்குறைக்கு, நாம் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடியவை சிலவே. திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பற்றிய கவலை அந்தச் சிறிய இடத்தின் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதால், கணக்குப் போட மீதமிருக்கும் இடம் குறுகிவிடுகிறது.

ஆகவே விடும் முடிவைத் தேர்வறையில் எடுக்கக் கூடாது. முன்னதாகவே எடுத்து வைத்திருக்க வேண்டும். கேள்வியைப் படித்து ஒரு நிமிடம் ஆன பிறகும் விடைக்கான வழி புலப்படவில்லை என்றால், தவறென்று தெரிந்த தெரிவுகளை நீக்கி, மீதியில் ஒன்றைக் குறித்துவிட்டு நகர்வது என்ற விதியை வீட்டிலேயே கையில் ஏற்றிக்கொள்ளலாம். கணக்குப் பாதியில் நிற்கிறது என்பதும் வழியே தெரியவில்லை என்பதும் வேறு வேறு நிலைகள். முன்னதற்கு இன்னும் சிறிது நேரம் கொடுக்கலாம், பின்னதற்குக் கூடாது. கடிகாரத்தை ஒவ்வொரு கேள்விக்கும் பார்க்க வேண்டியதில்லை. அளவுசார் பகுதியில் 7 கேள்விகளுக்குச் சரியாக 15 நிமிடம் என்பதால், ஏழாவது முடியும்போது 30 நிமிடமும் பதினான்காவது முடியும்போது 15 நிமிடமும் மிச்சமிருக்க வேண்டும். அந்த இரண்டு இடங்களில் மட்டும் பார்த்தால் போதும். இப்போதைய வடிவத்தில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், நேரம் மிச்சமிருந்தால், மூன்று விடைகள்வரை மாற்றிக்கொள்ளலாம். குறித்துவிட்டு நகர்ந்த கேள்வி அடியோடு கைவிட்டுப் போய்விடவில்லை என்ற ஆறுதலை அது தருகிறது.

முதுநிலைப் படிப்புகளுக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான ஜிஆர்இ எழுதுபவர்களுக்கு விதி சற்று மாறுபடும். அத்தேர்வு கேள்விக்குக் கேள்வி தகவமைவதில்லை. முதல் தொகுதியில் நீங்கள் செய்ததைப் பார்த்து இரண்டாம் தொகுதியின் கடினநிலையைத் தீர்மானிக்கிறது. ஒரு தொகுதிக்குள் முன்னும் பின்னும் செல்லலாம் என்பதால், எளியவற்றை முதலில் முடித்துவிட்டுக் கடினமானவற்றுக்குத் திரும்பும் நம் பள்ளிப் பழக்கம் அங்கே உதவும்.

தயாரிப்புக் காலத்துக்கு வருவோம். வழி புலப்படுவதற்கு ஆகும் அந்த முதல் ஒரு நிமிடத்தைக் குறைப்பதே உண்மையான வேகம். இங்கேதான் நம் வழக்கமான பயிற்சிமுறை நம்மை ஏமாற்றுகிறது. விழுக்காட்டுக் கணக்குகளாக ஐம்பது, பிறகு நிகழ்தகவு ஐம்பது என்று வகை வகையாகப் போடும்போது, அடுத்த கேள்வி எந்த வகை என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தேர்வில் மிகுந்த நேரம் எடுக்கும் வேலையான வகையை அடையாளம் காணுதல், பயிற்சியில் நடப்பதே இல்லை. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் திண்மப் பொருள்களின் கனஅளவு காணும் கணக்குகளைப் பயின்றார்கள். வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து பயின்றவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வகைவாரிக் குழு 20 விழுக்காட்டுக்குச் சரிந்தது. கலந்து பயின்ற குழு 63 விழுக்காடு பெற்றது. துணைப்பாட வகுப்புகளின் பயிற்சித்தாள்களில் வளர்ந்த நமக்கு, தடுமாறிக்கொண்டே கற்பதுதான் நிலைக்கும் என்பதை ஏற்பது எளிதன்று. ஆயினும் அடிப்படை புரிந்த அடுத்த நாளே கேள்விகளைக் கலந்துவிடுமாறு நான் வலியுறுத்துவேன்.

பாடத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை மீண்டும் தொடுவது என்பதற்கும் ஓர் அளவு கிடைத்திருக்கிறது. நிக்கோலஸ் செப்பெடாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் காட்டியபடி, நல்ல பலன் தரும் இடைவெளி, நினைவில் நிற்க வேண்டிய காலத்தைப் பொறுத்தது: ஒரு வாரமென்றால் அதில் ஏறத்தாழ 20 முதல் 40 விழுக்காடு, ஓராண்டென்றால் 5 முதல் 10 விழுக்காடு. தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தால், ஒரு தலைப்புக்குச் சுமார் ஒரு வாரத்துக்குப் பிறகு திரும்புவது பொருத்தம். வார நாளில் கிடைக்கும் துண்டு நேரத்துக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. தெம்பனிஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பெருவிரைவு ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். அந்த நேரத்தில் குறிப்பைத் திரும்பப் படிப்பதைவிட, சென்ற வாரம் தவறிய கேள்வி ஒன்றை எடுத்து, விடையைப் பார்க்காமல் அதைத் தீர்க்கும் வழியை நினைவிலிருந்து மீட்டுப் பார்ப்பது மேல். மீட்கும் முயற்சியே நினைவை உறுதியாக்குகிறது.

இரவுத் தூக்கத்தை வெட்டிப் படிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஹான்ஸ் வான் டோங்கனும் டேவிட் டிங்கஸும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் நாளுக்கு 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவுகள்வரை கண் விழித்தவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. அவர்களுக்கோ தாங்கள் அவ்வளவு மங்கியிருப்பது பெரும்பாலும் தெரியவில்லை. அவர்களுடைய நிலையில் ஜிமேட் எழுதுபவர், ஒரு கேள்வியை விட வேண்டிய தருணத்தை உணரவே மாட்டார்.

தேர்வு நாளைக் குறிக்கும்போது மனக்கணக்கை நம்ப வேண்டாம். 1994இல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டபோது சொன்ன சராசரி 34 நாள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கு மேல். மாதத் தொடக்கத்தில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று போடும் திட்டத்தைவிட, கடந்த இரண்டு வாரங்களில் உண்மையில் எத்தனை மணி நேரம் படித்தோம் என்பதை வைத்துப் போடும் கணக்கே நம்பத்தக்கது. பதிவுசெய்த நாள் பொருந்தவில்லை என்றால் மீண்டும் எழுதலாம். ஆனால் இரண்டு முயற்சிகளுக்கு இடையில் குறைந்தது 16 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதங்களில் 5 முறைக்கு மேல் எழுத முடியாது.

தேர்வை நடத்தும் ஜிமாக் அமைப்பு இலவசமாகத் தரும் இரண்டு மாதிரித் தேர்வுகளும் தகவமைபவை. விடும் முடிவைப் பழக அவைதான் தகுந்த களம் என்பதால், அவற்றைத் தொடக்கத்திலேயே எழுதித் தீர்த்துவிடாமல், ஒன்றையாவது கடைசி வாரங்களுக்கு வைத்திருக்க வேண்டும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் போன்ற அமைதியான இடத்தில், உண்மைத் தேர்வின் அதே நேரத்தில் எழுதுவது நல்லது. எழுதி முடித்த பிறகு தவறுகளை மட்டும் பட்டியலிடுவதோடு நிறுத்த வேண்டாம். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்த ஒவ்வொரு கேள்விக்கும், சரியோ தவறோ, வழி எந்த நொடியில் தெரிந்தது, அது தெரியாமலேயே எவ்வளவு நேரம் தொடர்ந்தேன் என்று அருகில் எழுதிப் பாருங்கள். சரியாக முடிந்தவற்றிலும் சில, விட்டிருக்க வேண்டிய கேள்விகளாக இருக்கும்.